படம் ஆடாத அறை

அந்தக் கல்லூரியில் தரைக்கு அடியில் ஒரு தளம் உண்டு. பம்பு அறையையும், கால் உடைந்த மேசைகளை அடுக்கி வைத்த அறையையும் தாண்டிப் போனால் ஒரு கறுப்புக் கதவு வரும். கதவுக்குப் பின்னால் கறுப்புத் திரை. திரைக்குப் பின்னால் பத்தொன்பது வருடமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாணவர்கள் அவளை இருட்டக்கா என்று கூப்பிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், அப்புறம் நேராகவே. அவளுக்கும் அது பிடித்துப்போனது. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

அவள் அங்கே நுண்ணோக்கி பார்க்க வந்தவள் அல்ல. கண்ணாடிக் குடுவை கழுவ வந்தவள். அப்போது வயது இருபத்தொன்பது. ஒருநாள் பெரிய பேராசிரியர் ஒருவர் ஒரு மணி நேரமாக நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, "ஒண்ணுமே தெரியல, இந்த நரம்பு எங்கதான் போச்சு" என்று புலம்பிக்கொண்டிருந்தார். மேசையைத் துடைக்க வந்தவள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் எட்டிப் பார்த்தாள். பக்கத்துத் திருகை ஒரு நூல் அளவு திருப்பினாள். துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்த பேராசிரியர் போட்ட கூச்சல்தான் அவளுக்கு வேலை உத்தரவு.

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாம் கைவந்தது. மயிரிழையை விட மெல்லியதாகத் திசுவைச் சீவுவாள். சாயம் ஏற்றுவாள். தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துச் சொல்லும் வித்தை மட்டும் படித்தவர்களை விட அவளிடம் அதிகமாக இருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் புது நுண்ணோக்கி வந்தது. லேசர் கதிரை உள்ளே அனுப்பி, உயிரோடு இருக்கும் ஒன்றை வெட்டாமலே ஏடு ஏடாகப் படம் எடுக்கும் இயந்திரம். அதன் மேசைக் காலுக்கு அடியில் காற்று மெத்தை. மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தாலும் படம் அசையக் கூடாது என்பதற்காக. ஆனாலும் படம் ஆடியது. மிகக் கொஞ்சமாக, மூச்சு விடுவதைப் போல. பொருத்த வந்தவர்கள் மூன்று நாள் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று பெட்டியைக் கட்டினார்கள்.

இருட்டக்காவுக்குத் தூக்கம் போயிற்று. சுவரின் உச்சியில், அறைக் காற்றை வெளியே இழுக்கும் சின்ன விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மதியம் யாரும் இல்லாதபோது அதை நிறுத்தினாள். படம் பாதி அடங்கியது. மீதி ஆட்டத்துக்குக் காரணமான பம்பு அறையின் அதிர்வு விசிறி இருந்த ஓட்டை வழியாக வந்துகொண்டிருந்தது. ஸ்டூலில் ஏறி ஓட்டைக்குள் ஸ்பாஞ்சைத் திணித்தாள். மேலே கறுப்பு டேப்பை நான்கு சுற்று ஒட்டினாள். கறுப்புச் சுவரில் கறுப்பு டேப், கண்ணுக்கே தெரியவில்லை. இறங்கி வந்து பார்த்தபோது படம் அப்படியே நின்றது, யாரோ அதன் மூச்சை நிறுத்திவிட்டதைப் போல.

யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. "அந்த அறையில எடுத்தா படம் ஆடாது" என்ற பேர் மட்டும் பரவியது. வேறு கல்லூரிகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். வந்தவர்களை அவள் சும்மா விடமாட்டாள். கதவில் தொங்கும் பதிவேட்டில் பேர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், போன் நம்பர் எல்லாம் எழுதினால்தான் திரை விலகும்.

அந்த அறையில் இன்னொன்றும் இருந்தது. மேசைக்கு அடியில் அகலமான ஒரு எஃகுத் தட்டு. பழைய ஸ்லைடுகளில் ஒட்டிய பிசின் கழல்வதற்காக, அவற்றை ஒரு கரைப்பானில் ஊறப்போடுவாள். கழன்ற கண்ணாடிகளைக் கழுவி முதல் வருடப் பிள்ளைகளின் பயிற்சிக்குக் கொடுப்பாள். தட்டின் மூடி எப்போதோ உடைந்துவிட்டது. கரைப்பான் தானாகக் குறையும், இவள் டின்னிலிருந்து மறுபடி ஊற்றுவாள். குறைந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று அவள் யோசித்ததில்லை. புதிதாக வருகிறவர்கள் மூக்கைச் சுளித்து, "பெட்ரோல் மாதிரி ஏதோ வாசம் வருதேக்கா" என்பார்கள். "எனக்கு ஒண்ணும் வரலையே" என்பாள். மூன்றாம் நாள் அவர்களுக்கும் வராது.

செருப்பு விஷயம் தொடங்கியது போன வருடம். அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பாதி வழியில் நின்ற லிஃப்டுகளுக்குள் தலைகீழாகத் தொங்கியே பாதி ஆயுளைக் கழித்தவன், அதனால் எதற்கும் பதறமாட்டான். ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தவன் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னொண்ணு எங்க?"

"எது எங்க?"

"செருப்பு. ஒத்தக் கால்ல போட்டுட்டு வந்திருக்க. ஃபேஷனா, இல்ல மிச்சப்படுத்துறியா?"

குனிந்து பார்த்தாள். இடது கால் வெறுங்காலாக இருந்தது. பாதத்தில் சின்னக் கீறல், ரத்தம் காய்ந்திருந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை ஜல்லி கொட்டிய தெரு. எங்கே கழன்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"டாக்டரைப் பாக்கலாம் வா."

"செருப்புக்கா டாக்டர்? வார் லூசு. வேற வாங்கினா சரியாயிடும்."

குதிகாலில் வார் வைத்த புதுச் செருப்பு வாங்கினாள். விஷயம் அதோடு முடிந்தது என்று இருவரும் நம்பிக்கொண்டார்கள்.

இந்த வருடம் மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தாள். ஈர்க்குச்சி போல உடம்பு, ஓயாத வாய். மாடியில் மீன் தொட்டிகளை வைத்துக்கொண்டு நாளெல்லாம் அதிலேயே கிடந்ததால் மீன்காரி என்ற பட்டம் அவளுக்கு. செருப்புத் தைக்கும் பட்டறைகளில் பசையில் கலக்கும் கரைப்பான் நரம்பை என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. அதைக் கேட்க அவள் எடுத்துக்கொண்டது, நகத்தளவு கூட இல்லாத மீன் குஞ்சுகளை. கண்ணாடி போல உடம்பு. நரம்புகள் மட்டும் பச்சையாக ஒளிரும்படி பிறந்தவை. லேசரின் கீழே வைத்தால் இருட்டில் மீன் தெரியாது, நரம்புகள் மட்டும் தெரியும். மீனின் வடிவத்தில் ஒரு பச்சை நூல்கூடு மிதக்கும்.

"அக்கா, ஒரு முடி கொடுங்க."

"எதுக்கு?"

"கண்ணிமை முடிக்கா. குச்சி நுனியில ஒட்டிக்கிட்டு குஞ்சோட வாலைத் தொடணும். நரம்பு நல்லா இருந்தா அம்பு மாதிரி ஓடும். இல்லேன்னா அப்படியே கிடக்கும். என் இமை ரொம்பச் சின்னது."

"என் இமையைப் பிடுங்கித்தான் நீ பட்டம் வாங்கணுமா?" என்று சொல்லிக்கொண்டே ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள்.

குஞ்சைத் தொட்டபோது அது ஓடியது. இருவரும் சின்னப் பிள்ளைகளைப் போலச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன்பே மீன்காரி சொன்னாள்: "விஷம் ஏறினா நரம்பு நுனியிலேர்ந்துதான் சாகுமாம். ரொம்ப நீளமான நரம்பு முதல்ல. மீனுக்கு வால், மனுஷனுக்குக் கால் விரல். முதல்ல மணி மணியா வீங்குமாம், அப்புறம் அறுந்துடுமாம்."

"போதும். சோறு தின்ன வேண்டாமா நான்?" என்றாள் இருட்டக்கா.

கரைப்பான் கலந்த தண்ணீரில் மூன்று கிண்ணம், வெறும் தண்ணீரில் மூன்று கிண்ணம். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அந்த வெறும் தண்ணீர்க் கிண்ணங்கள். விஷம் இருக்கும் மாடி ஆய்வகத்தில் அவற்றை வைக்க மீன்காரிக்குப் பயம். ஒரு சொட்டு தெறித்தாலும் வேலை கெட்டுவிடும். "உங்க ரூம்தான் இருக்கறதுலேயே சுத்தம். தூசிகூட வராது. அங்க வச்சுக்கறேன்க்கா" என்று கெஞ்சி, வெதுவெதுப்பாக வைக்கும் பெட்டியோடு இருட்டறைக்குக் கொண்டுவந்தாள். இருட்டக்காவுக்கு உள்ளூரப் பெருமை.

பத்தாம் நாள் படம் எடுக்கும் வேலை. எது எந்தக் கிண்ணம் என்று தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். அதனால் கிண்ணத்து எழுத்தை மறைத்து, எண்களை மாற்றி ஒட்டுவது இருட்டக்காவின் வேலை. எந்த எண் எந்தக் கிண்ணம் என்ற தாள் அவள் மேசை இழுப்பறைக்குள் பூட்டியிருக்கும். எண்ணி முடித்த பிறகுதான் வெளியே வரும்.

மீன்காரி ஆறு கிண்ணத்தையும் எண்ணி முடித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, மாத்தி ஒட்டிட்டீங்களா?"

"பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவை மாத்தி ஒட்டியிருந்தா நீ கேக்கலாம்."

"கோவிக்காதீங்க. வந்து பாருங்க. ஆறும் ஒரே மாதிரி இருக்கு."

இருட்டக்கா திரையைப் பார்த்தாள். வாலை நோக்கி ஓடும் பச்சை நூல்களில், பனித்துளி கோத்ததைப் போல மணிகள். நுனிக்குப் போகப் போக மணிகளுக்கு நடுவே இருட்டு. அடுத்த கிண்ணம். அதிலும் மணிகள். தாளை எடுத்து ஒப்பிட்டாள். வெறும் தண்ணீரில் வளர்ந்தவற்றில்தான் மணி அதிகம். குச்சியால் வாலைத் தொட்டார்கள். குஞ்சுகள் கண்ணைத் திறந்துகொண்டு அப்படியே கிடந்தன. இதயம் துடிப்பது உடம்பு வழியாகத் தெரிந்தது.

மீன்காரியின் பேராசிரியர் கீழே வந்து, மூக்கைத் தேய்த்துக்கொண்டு, இரண்டு நிமிடம் பார்த்தார். "முட்டை சரியில்ல. இந்தத் தடவை வந்த முட்டையே மோசம்னு எழுதிட்டு மறுபடி போடுங்க" என்றுவிட்டுப் படியேறினார்.

மறுபடி போட்டார்கள். இந்த முறை இருட்டக்கா ஒரு காரியம் செய்தாள். மீன்காரியிடம் மட்டும் சொல்லிவிட்டு, பேராசிரியருக்குத் தெரியாமல், வெறும் தண்ணீர்க் கிண்ணங்கள் இரண்டை மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், அதேபோல வெதுவெதுப்பாக வைக்கும் பழைய பெட்டி ஒன்றுக்குள் வைத்தாள். ஏன் அங்கே என்று மீன்காரி கேட்டதற்கு, "உன் முட்டை மேல பழி போடுறாங்களே, அதுக்குத்தான்" என்றாள். உண்மையான காரணத்தைத் தனக்குள் சொல்லிப் பார்க்கக்கூட அவள் துணியவில்லை.

பத்தாம் நாள் மீன்காரி எண்களை எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடினாள். இருட்டக்கா தனியே உட்கார்ந்து தாளைப் பிரித்தாள். படிக்கட்டில் வளர்ந்த இரண்டு கிண்ணத்துக் குஞ்சுகளும் அம்பாக ஓடியிருந்தன. இந்த அறையில் வளர்ந்தவை அசையவில்லை.

இதே தண்ணீர், இதே முட்டை, இதே சூடு. அறை மட்டும்தான் வேறு.

அவள் மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, இருட்டுதான். இயந்திரத்தின் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. மேசைக்கு அடியில் தட்டு. பக்கத்தில் கரைப்பான் டின். மாடியில் மீன்காரி விஷம் என்று பூட்டி வைத்திருக்கும் டின்னைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டிலும் ஒரே பெயர் ஒட்டியிருந்தது. ஒரு டின்னுக்கு மாடியில் விஷம் என்று பெயர், இன்னொன்றுக்கு இங்கே சுத்தம் என்று பெயர்.

குஞ்சுகள் இங்கே இருந்தது பத்து நாள்.

செருப்பின் வாரை அவிழ்த்தாள். இடுக்கியின் ஊசி முனையால் பெருவிரலைத் தொட்டாள். அழுத்தினாள். தோல் குழிவது சிவப்பு வெளிச்சத்தில் தெரிந்தது, ஆனால் யாருடைய காலையோ பார்ப்பதைப் போல இருந்தது. இன்னும் அழுத்தினாள். ஒரு துளி ரத்தம் வந்தது. கால் ஓடவில்லை. முனையை மேலே நகர்த்திக்கொண்டே போனாள். பாதம், கணுக்கால். கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே வந்த பிறகுதான் "ஆ" என்றாள். அந்தச் சத்தம் அறைக்குள் அப்படியே நின்றது. வெளியே போக அதற்கு வழி இல்லை.

அண்ணாந்து பார்த்தாள்.

தட்டைத் தூக்கிக் கொட்டிவிட்டு, டேப்பைக் கிழித்துவிட்டு, விசிறியைப் போட்டுவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. முட்டை மேல் பழியைப் போடத்தான் பேராசிரியரே வழி சொல்லியிருக்கிறார். அவள் ஸ்டூலைக்கூட இழுத்துவிட்டாள். ஆனால் விசிறி ஓடினால் படம் ஆடும். ஏன் ஆடுகிறது என்று கேட்பார்கள். இத்தனை நாள் எப்படி ஆடவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் வேலை போகும், அறை போகும். இந்த அறைக்கு வெளியே அவள் குடுவை கழுவ வந்தவள்தான்.

மறுநாள் பேராசிரியரிடம் பாதியைச் சொன்னாள். தட்டைப் பற்றிச் சொன்னாள், காலைப் பற்றிச் சொன்னாள். மீன்காரி பக்கத்தில் நின்று அழுதுகொண்டே, "என் வெறும் தண்ணிக் கிண்ணம் கெட்டுப்போச்சுன்னு அழலக்கா. மனுஷனுக்குக் கால் விரல்னு நான் உங்ககிட்ட சிரிச்சுட்டே சொன்னேன்" என்றாள். அறையைப் பூட்டினார்கள். முகமூடி போட்ட இரண்டு பேர் வந்து தட்டை எடுத்துப்போனார்கள். அவர்களில் ஒருவன் டார்ச் அடித்து மேலே பார்த்தான்.

"யாரு சார் இதை அடைச்சது?"

"பழசு. மிஷின் பொருத்த வந்தவங்க ஒட்டியிருப்பாங்க" என்றார் பேராசிரியர்.

இருட்டக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நரம்பு மருத்துவர் அவள் காலில் மின்சாரம் வைத்துப் பார்த்தார். சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கடைசியாக, "எழுந்து நில்லுங்க. காலைச் சேத்து வச்சுக்கோங்க. இப்ப கண்ணை மூடுங்க" என்றார். மூடினாள். யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்துச் சாய்ப்பது போல இருந்தது. கண்ணைத் திறந்தபோது கணவன் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

"கால் எங்க இருக்குன்னு கண்ணுதான் இத்தனை நாள் உங்களுக்குச் சொல்லிட்டு இருந்திருக்கு" என்றார் மருத்துவர். "இன்னொண்ணு. வெளிய வந்ததும் நின்னுடும்னு நினைக்காதீங்க. ரெண்டு மூணு மாசம் இன்னும் மேல ஏறும். அப்புறம்தான் இறங்கும். பெரும்பாலும் இறங்கிடும்."

"லிஃப்ட் மாதிரிதான். நடுவுல நின்னா நான் பாத்துக்கறேன்" என்றான் கணவன். சிரிக்கப் பார்த்தான்.

அவளுக்கு மாடியில் ஜன்னலோரம் ஒரு மேசை கொடுத்தார்கள். வெயிலில் கண் கூசியது. பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு பகலை அவள் பார்த்ததில்லை. மருத்துவர் சொன்னபடியே அது மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாரமும் உணர்வு தொடங்கும் இடம் ஒரு விரல் உயர்ந்தது. ஆள் இல்லாத வீட்டில் யாரோ ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வருவதைப் போல.

நான்காவது வாரம் கதவிலிருந்த பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், சும்மாத்தான் என்றாள். ஒரு தாளில் கூட்டத் தொடங்கினாள், ஆளுக்கு ஆள், மணிக்கு மணி. பெரும்பாலோர் ஒருநாள், இரண்டு நாள் வந்துபோனவர்கள். அவர்களை விட்டுவிட்டாள். நூறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். எல்லோருக்கும் மேலே நின்றது நெட்டை என்று அவள் கூப்பிட்ட ஆராய்ச்சி மாணவி. இரண்டு வருடம், காலையிலிருந்து சாயங்காலம் வரை, இவளோடு முழங்கை உரச உட்கார்ந்தவள். முதுகுவலி என்று சொல்லிப் பாதியில் ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது காலை இழுத்து இழுத்து நடந்தாள். உயரமானவர்களுக்கு அப்படித்தான் வரும் என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். இருட்டக்காவும் சொன்னாள். இப்போது அவளுக்கு வேறொன்று தோன்றியது. நெட்டையின் நரம்பு எல்லோருடையதையும் விட நீளம்.

நம்பர் மாறியிருக்கவில்லை.

"அக்காவா? இருட்டக்காவா? அட, நீங்களா! எப்படி இருக்கீங்க? படம் இன்னும் ஆடாம நிக்குதா?"

"நீ எப்படி இருக்கே, நெட்டை?"

"இருக்கேன்க்கா. முதுகுக்கு எத்தனையோ வைத்தியம் பாத்தாச்சு. ஒருத்தர்கூட ஒழுங்கா சொல்லல. மனசுதான் காரணம்னு கடைசியா பாத்தவர் சொன்னாரு. வீட்லயும் அதையேதான் சொல்றாங்க."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்லக்கா. ஏன்?"

"பின்னாடி ஒரு நாற்காலியைப் போட்டுக்கிட்டு, எழுந்து நில்லு. காலைச் சேத்து வை."

"என்னக்கா, போன்லயே பயிற்சியா?" சிரிப்பு. நாற்காலி நகரும் சத்தம். "ம். நிக்கிறேன்."

"கண்ணை மூடு."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

"அக்கா." குரல் சின்னதாகிவிட்டது. "ரூம்ல யாரும் இல்லக்கா. ஆனா யாரோ என்னைத் தள்ளுறாங்க."

"கண்ணைத் திற. திறந்துட்டியா? உட்காரு. யாரும் தள்ளல. உன் மனசும் இல்ல, முதுகும் இல்ல." இருட்டக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வெயிலில் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த மேசைக்காரர் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. பார்க்கட்டும் என்று குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "அந்த ரூம்ல காத்து வெளிய போற ஓட்டையை நான்தான் அடைச்சேன். படம் ஆடக் கூடாதுன்னு அடைச்சேன். மிஷின் பொருத்த வந்தவங்க இல்ல. நான்."

நெட்டை போனை வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை. தாளில் அந்தப் பெயருக்குக் கீழே இன்னும் முப்பத்தோரு பெயர்கள் இருந்தன.